எண்ணூற்றிருபது கிலோமீட்டர் பொய்!

1

போன் அலறியது.

சோபியா விமான நிலையத்தின் மூன்றாவது மாடி. வியாழக்கிழமை காலை பதினொன்று பத்து.

நெவேனா ஒரு கையில் பாலாடைக்கட்டி வைத்த பனிட்ஸா பலகாரமும், இன்னொரு கையில் மௌஸுமாக இருந்தாள். வயது முப்பத்தெட்டு. கம்பெனியின் விமானம் எந்த வழியாகப் பறக்க வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஊற்ற வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும்... சுருக்கமாகச் சொன்னால், வானத்தில் கோடு போடுவது அவள் உத்தியோகம்.

பதினான்கு வருடங்களாக அவள் போட்ட கோட்டில் போன ஒரு விமானம்கூட வழி தவறியதில்லை.

வீட்டில்தான்...

அது அவளுக்கு இன்னும் தெரியாது!

"ஹலோ..."

"வணக்கம் மேடம். இன்ஸ்பெக்டர் ராங்கெல். கொலைப் பிரிவு." மறுமுனையில் எதையோ கொறித்துத் துப்பும் சத்தம். "ஒரு சின்ன சந்தேகம். வியன்னாவுக்கும் சோபியாவுக்கும் எவ்வளவு தூரம்?"

"கொலைப் பிரிவுக்கு எதுக்கு சார் பூகோளம்?"

"பள்ளிக்கூடத்துல ஃபெயில் ஆன பாடம். சொல்லுங்களேன்."

"நேர்க்கோட்டுல எண்ணூத்தி இருபது கிலோமீட்டர்."

"பறக்க எவ்வளவு நேரம்?"

"ஓடுபாதையில ஊர்ற நேரமும் சேர்த்து... ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிஷம்."

"டைம் டேபிள்ல ஒண்ணே முக்காலுக்குக் கிளம்பி, நாலு இருபதுக்கு வந்து சேருதுன்னு போட்டிருக்கே? ரெண்டரை மணி நேரத்துக்கு மேல வருதே?"

நெவேனா சிரித்தாள்.

"அங்க ஒண்ணே முக்கால்னா, இங்க ரெண்டே முக்கால் சார். வியன்னா கடிகாரம் நம்ம கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னாலதான் ஓடும்."

"அட, ஃபெயில் ஆனது சரிதான்!" மறுபடி கொறிக்கும் சத்தம். "நேத்து, புதன்கிழமை வந்த அந்த மத்தியான விமானம்... அதுவும் இதே கணக்குதானா?"

"இல்ல. நேத்து செர்பியா பூராவும் இடி, மின்னல். நான்தான் விமானத்தை மேற்கே ஒதுக்கி, ஏட்ரியாடிக் கடலோரமா சுத்தி வர வச்சேன். இருநூத்தி எழுபது கிலோமீட்டர் கூடுதல். நாலே முக்காலுக்குத்தான் தரையைத் தொட்டுது."

"அப்ப நம்ம ஊர் நேரம் மூணு பத்துக்கு அந்த விமானம் எங்க இருந்திருக்கும்?"

"கிளம்பி இருபத்தஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். ஆகாசத்துல."

"அதுல வந்த ஒரு ஆள், மூணு பத்துக்கு இங்க லோசெனெட்ஸ்ல ஒரு ஃப்ளாட்டுக்குள்ள இருக்க முடியுமா?"

"ரெக்கை முளைச்சாலும் முடியாது சார்."

"ரொம்ப நன்றி மேடம். இப்ப ஒருத்தரைக் காப்பாத்திட்டீங்க."

"யாரை?"

"உங்க புருஷனை. அடுத்த ரூம்லதான் உக்கார வச்சிருக்கேன்!"

பனிட்ஸா கீபோர்டின் மேல் விழுந்து நொறுங்கியது.

2

டாக்டர் மெத்தோடி. அறுபத்தொரு வயது. விமானிகளின் கண்ணையும் காதையும் இதயத்தையும் சோதித்து, 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடும் மனிதர்.

புதன்கிழமை பிற்பகல், தன் வீட்டிலேயே மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு வெண்கலக் குதிரைச் சிலை. அலறலைக் கேட்ட கீழ்வீட்டு அம்மாள் போலீஸைக் கூப்பிட்ட நேரம் மூன்று பதினொன்று.

டாக்டரின் டைரியில், அன்று மூன்று மணிக்கு நேராக ஒரே ஒரு பெயர்.

கேப்டன் கலோயன்.

நெவேனாவின் கணவன்!

"பதினஞ்சு நாள் தள்ளிப் போட்டுக்கறேன்னு போன்ல சொல்லிட்டேன் நெவி. அதை டைரியில அவர் அடிக்கல. அதுக்கு நான் என்ன பண்றது?"

வியாழன் மாலை ஏழு மணி. விட்டோஷா மலை மேல் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. சமையலறை மேசையில் கலோயன் தனக்கு ராக்கியா மது ஊற்றிக்கொண்டிருந்தான். நாற்பத்திரண்டு வயது. வீட்டில் பனியனோடு இருந்தால்கூட யூனிஃபார்ம் போட்ட மாதிரி ஒரு நிமிர்வு.

நெவேனா வெள்ளரிக்காயைத் தயிரில் கலந்து, பூண்டு நசுக்கிப் போட்டு, கிண்ணத்தில் ஊற்றினாள்.

"எதுக்கு டாக்டரைப் பார்க்கப் போறதா இருந்த? உன் வருஷாந்திர சோதனைதான் முடிஞ்சுபோச்சே?"

ராக்கியா புட்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

"சும்மா... கொஞ்சம் ரத்த அழுத்தம். உன்கிட்ட சொன்னா பயப்படுவேன்னு சொல்லல."

"ம்..."

"அந்த இன்ஸ்பெக்டர் இருக்கானே... சூரியகாந்தி விதையைக் கொறிச்சுக்கிட்டே மூணு மணி நேரம் என்னை வறுத்துட்டான்! ஒரு காபி கிடையாது. நீ மட்டும் கணக்கைச் சரியா சொல்லலைன்னா இந்நேரம் கம்பி எண்ணிக்கிட்டு இருப்பேன்." எழுந்து வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டான். "என் மகாராணி!"

அவளுக்கு உள்ளுக்குள் இளகியது. பாவம். இரண்டு நாள் வியன்னாவில் பயிற்சி முடித்து நேற்று மாலை வீட்டுக்கு வந்தவன், சாப்பிடக்கூட இல்லாமல் படுத்துவிட்டான். அவளும் புயலோடு மல்லுக்கட்டிய களைப்பில் அப்படியே தூங்கிப்போனாள். காலையில் அவள் டியூட்டிக்குக் கிளம்பிப் போன பிறகு வாசலில் போலீஸ்.

"நேத்து ரொம்பக் குலுக்குச்சா?"

"குலுக்கலா? பட்டுத் துணியில வழுக்கற மாதிரி வந்துது!" ஒரு மிடறு குடித்தான். "கொஞ்சம் லேட்டு. இங்க இறங்க இடம் கிடைக்காம வட்டமடிச்சிருப்பான். ஆனா ஜன்னல் வழியா பார்த்தேன் பாரு ஒரு காட்சி... டான்யூப் நதி, அந்த இரும்புக்கதவு கணவாய்ல வளைஞ்சு நெளிஞ்சு, வெயில்ல வெள்ளிப் பாம்பு மாதிரி! உன்னைத்தான் நெனைச்சுக்கிட்டேன்."

நெவேனாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

டான்யூப்?

இரும்புக்கதவு கணவாய்?

நேற்று மத்தியானம் அந்தக் கணவாய்க்கு மேல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குக் கருமேகம். அதைத் தவிர்க்கத்தானே அவள் விமானத்தையே திருப்பினாள்! அது வந்த வழியில் கீழே இருந்தது நதி இல்லை. கடல்! அந்தக் கணவாய்க்கும் விமானத்துக்கும் நடுவே நானூறு கிலோமீட்டருக்கு மேல்!

பதினெட்டு வருடம் விமானம் ஓட்டியவன் கடலை நதி என்று நினைப்பானா?

மாட்டான்.

அந்த விமானத்தில் இருந்திருந்தால்!

"என்ன நெவி, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல." தன் குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அழகா இருந்திருக்கும்."

"வாழ்நாள்ல மறக்க மாட்டேன்!"

"நானும்..." என்றாள் நெவேனா.

3

கலோயன் அந்த விமானத்தில் வந்தான் என்பதற்கு இருந்தது ஒரே ஒரு சாட்சி.

கம்பெனி ஆட்கள் ஓசியில் வரும்போது கடைசி வரிசையில் உட்காருவார்கள். அவர்கள் பெயரை ஊழியர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது, விமானப் பணிப்பெண்களின் தலைவி. கேப்டன் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். ஆளைப் பார்க்க மாட்டார்.

புதன்கிழமை தாளை நெவேனா கணினியில் திறந்து பார்த்தாள்.

கையெழுத்து... ராலிட்ஸா.

பதினைந்து வருட சிநேகிதி. நெவேனாவின் கல்யாணத்தில் தோழியாக நின்றவள். இந்த வீட்டுச் சாவியில் ஒன்று இன்னும் அவள் கைப்பையில் இருக்கிறது!

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. விமான நிலைய ஊழியர் கேன்டீன். ராலிட்ஸா அப்போதுதான் ரோமிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். சிவப்பு உதட்டுச்சாயம் கலையாத புன்னகை.

"என்னடி இது, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?"

"தூக்கமில்ல ராலி. புதன்கிழமை வியன்னா ஃப்ளைட்ல கலோயன் வந்தான்ல?"

புன்னகை அரை அங்குலம் சுருங்கியது.

"ஆமா... வந்தான். நானே காபி குடுத்தேன். ஏன், போலீஸ் உன்னையும் கேட்டாங்களா?"

"அன்னைக்கு என் பாதை எப்படி இருந்துது? பயணிங்க ஏதாவது சொன்னாங்களா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கற!" ராலிட்ஸாவுக்குப் பேச்சு மாறியதில் மூச்சு வந்தது. "கடல் தெரிஞ்சதும் ஒரே கும்மாளம்! வலப்பக்கம் இருந்த அத்தனை பேரும் போட்டோ எடுத்தாங்க. தீவு தீவா... நீலமா... அப்படி ஒரு அழகுடி!"

"கலோயனும் பார்த்தானா?"

"பார்க்காம? ஜன்னலோரம்தானே!"

"அப்ப ஏன்டி அவன் மட்டும் டான்யூப் நதியைப் பார்த்தான்?"



ராலிட்ஸா கோப்பையைத் தட்டில் வைத்தாள். சாயத்துக்கு அடியில் உதடு வெளுத்துப்போனது.

"நெவி... நான்..."

"அவன் விமானத்துல இல்ல. நீ கையெழுத்துப் போட்டிருக்க. ஏன்?"

"கொலைன்னு எனக்குத் தெரியாதுடி! சத்தியமா தெரியாது!" கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "ஒரு நாள் முன்னாடியே சோபியா வரணும், வக்கீலைப் பார்க்கணும், உனக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னான்..."

"எதுக்கு வக்கீல்?"

ராலிட்ஸா தலையைக் குனிந்து மேசையைப் பார்த்தாள்.

அந்தக் குனிந்த தலையே பதில் என்று நெவேனாவுக்குப் புரிய மூன்று விநாடி பிடித்தது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்..."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு விமானத்துக்கு அழைப்பு.

நெவேனா அடிக்கவில்லை. கத்தவில்லை. கையை நீட்டி, ராலிட்ஸாவின் காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை இல்லாத காபி. கலோயன் குடிக்கிற மாதிரியே!

"என் கோட்டைப் போட்டிருக்க. என் செருப்பைப் போட்டிருக்க. என் கல்யாணக் கம்மலைக்கூட ஒரு விசேஷத்துக்கு வாங்கிட்டுப் போன. எல்லாத்தையும் கேட்டுத்தானேடி எடுத்த?" குரல் உடைந்தது. "இதை மட்டும் ஏன் கேக்காம எடுத்த?"

"என்னைக் கொன்னுடு நெவி!"

"ஏற்கெனவே ஒரு கொலை போதும். இன்னைக்கு நாலு மணிக்கு போலீஸ் ஸ்டேஷன். ரெண்டு பேரும் சேர்ந்து போறோம். இதே வார்த்தையை அங்க சொல்ற. வருவியா?"

"வர்றேன். எங்க அம்மா மேல சத்தியம்!"

ராலிட்ஸா எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். ஈரமான கன்னம் நெவேனாவின் கழுத்தில் பதிந்தது.

தள்ளிவிட வேண்டும் என்று நினைத்தாள். முடியவில்லை. பதினைந்து வருடப் பழக்கம், கை தானாகவே போய் அந்த முதுகைத் தட்டிக்கொடுத்தது.

4

மாலை நான்கு மணி.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நெவேனா பத்து நிமிடம் நின்றாள். ராலிட்ஸா வரவில்லை. போன் எடுக்கவில்லை.

தனியாகவே உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் ராங்கெல் போனில் கேட்ட குரலைவிடப் பருமனாக இருந்தார். ஐம்பத்தைந்து வயது. தொங்குமீசை. மேசையில் சூரியகாந்தி விதைத் தோல் ஒரு சின்ன மலை.

"உக்காருங்க மேடம். சிநேகிதியைத் தேடறீங்களா? அவங்க ரெண்டு மணிக்கே வந்துட்டாங்களே!"

நெவேனாவுக்கு உயிர் வந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டாளா?"

"ஒண்ணுவிடாம. கையெழுத்தும் போட்டுட்டாங்க." ஒரு தாளை நகர்த்தினார். "படிச்சுப் பாருங்க."

படித்தாள்.

படிக்கப் படிக்க அறை சுழன்றது.

'...டாக்டர் மெத்தோடி, கலோயனைப் பறக்கவிடாமல் நிறுத்தப்போகிறார் என்று கலோயனின் மனைவி நெவேனா ஆத்திரத்தில் இருந்தாள். கணவனின் வேலையைக் காப்பாற்ற அவள்தான் டாக்டரைக் கொன்றாள். எனக்கும் கலோயனுக்கும் உள்ள உறவு இப்போது தெரிந்துவிட்டதால், பழியை அவர்மேல் போடப் பார்க்கிறாள். அவர் விமானத்தில் வரவில்லை என்று பொய் சொல்லும்படி இன்று காலை கேன்டீனில் என்னை மிரட்டினாள். கலோயன் என் விமானத்தில்தான் வந்தார்...'

"இது பொய்!" நெவேனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அம்மா மேல சத்தியம் பண்ணினா சார்! என் தோள்ல சாஞ்சு அழுதா!"

"அழுதுட்டு வெளிய வந்ததும் முதல் போன் யாருக்குப் போட்டாங்கன்னு நினைக்கிறீங்க?"

"கலோயனுக்கா...?"

ராங்கெல் அந்த ஊர் வழக்கப்படி 'ஆமாம்' என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் போட்டார்.

"இது யாருதுன்னு பாருங்க."

நீலக் கழுத்துத்துணி. கம்பெனி கொடுத்தது. ஓரத்தில் நூலால் தைத்த பெயர்.

நெவேனா.

"டாக்டர் பிணத்துக்குப் பக்கத்துல கிடந்துது!"



பத்து நாளுக்கு முன்னால் காணாமல் போன துணி! வீடு முழுக்கத் தேடினாள். கலோயனும் சேர்ந்து தேடினான். முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தான். 'கவலைப்படாதே நெவி, எங்கயும் போயிருக்காது... வேணும்கிற நேரத்துல கிடைக்கும்' என்றான்.

வேண்டிய நேரத்தில் கிடைத்துவிட்டது!

ஆக, அவசரத்தில் செய்த கொலை இல்லை. மாட்டிக்கொண்ட பிறகு மனைவி மேல் பழி போடவில்லை. பத்து நாளுக்கு முன்பே, அவள் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, அவளுக்குக் கயிறு திரித்திருக்கிறான்!

"உங்க டியூட்டி புதன்கிழமை ரெண்டு மணியோட முடியுது." ராங்கெலின் குரல் இறுகியது. "வழக்கமா ரெண்டரைக்கு வீட்டுல தனியா இருப்பீங்க. உங்க புருஷனே சொன்னாரு. மூணு பத்துக்கு எங்க இருந்தீங்க மேடம்?"

வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்குள்...

ராங்கெல் கணினியில் ஒரு பட்டனைத் தட்டினார்.

கரகரவென்று ஒரு இரைச்சல். நடுவே ஒரு பெண் குரல்.

'...இன்னும் இருபது டிகிரி மேற்கே திரும்புங்க கேப்டன். உங்களுக்கு நேர் எதிர்ல மேகம் வளருது. கடற்கரையைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. நேரம் பதினஞ்சு பத்து...'

அவள் குரல்!

"கன்ட்ரோல் ரூம் பதிவு." ராங்கெல் மீசைக்குள் சிரித்தார். "டியூட்டி முடிஞ்சும் புயலுக்காக நாலே முக்கால் வரைக்கும் இருந்திருக்கீங்க. டாக்டர் அலறின அதே நிமிஷம் நீங்க வியன்னா விமானத்தோட பேசிக்கிட்டு இருந்தீங்க. இது உங்க புருஷனுக்குத் தெரியாது."

நெவேனா பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு... எப்பத் தெரியும்?"

"நேத்தே. புதன்கிழமை சாயந்திரம் இந்தத் துணி கிடைச்சதும் என் முதல் சந்தேகம் நீங்கதான். நான் உங்களுக்கு போன் பண்ணது பூகோளம் படிக்கவா? கொலைகாரி குரல் எப்படி நடுங்குதுன்னு பார்க்க! நீங்க என்னடான்னா, 'நான்தான் விமானத்தை மேற்கே ஒதுக்கினேன்'னு பாடம் நடத்தறீங்க. போனை வச்சதும் பதிவை வரவழைச்சேன்."

"அப்ப ஏன் சார் இவ்வளவு நேரம் என்னை..."

"நீங்க கொல்லலைன்னு தெரியும். கூட்டுன்னு சந்தேகம் இருந்துது. இப்ப இல்ல." ஒரு விதையை வாயில் போட்டார். "புருஷனும் கைவிட்டாச்சு, சிநேகிதியும் கைவிட்டாச்சு. புயல் ஒண்ணுதான் மேடம் உங்களுக்கு விசுவாசமா இருந்திருக்கு!"

அப்போதுதான் நெவேனாவுக்கு அழுகை வந்தது.

ராங்கெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மூக்கைச் சிந்தி முடித்து, டான்யூப் கதையைச் சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டு ராங்கெல் எழுந்து சட்டையை உதறினார்.

விதைத் தோல்கள் பறந்தன.

"வாங்க. உங்க வெள்ளிப் பாம்பைப் பிடிக்கலாம்!"

5

விசாரணை அறை. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும். அந்தப் பக்கத்துக்கு வெறும் கண்ணாடி. நெவேனா அதன் பின்னால் நின்றாள்.

கலோயன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அதே நிமிர்வு.

"எத்தனை தடவை சார் சொல்றது? நான் ஆகாசத்துல இருந்தேன்."

"டான்யூப் பார்த்தீங்களாமே?"

கலோயனின் கண் ஒரு முறை சிமிட்டியது.

"யார் சொன்னா?"

"பார்த்தது வாஸ்தவம்தான். அதை நான் நம்பறேன்." ராங்கெல் ஒரு புகைப்படத்தை எடுத்துப் போட்டார். "ஆனா ஆகாசத்துல இருந்து இல்ல. பாலத்து மேல இருந்து! விதின் பாலத்து கேமரா. புதன்கிழமை காலை ஆறு இருபது. வாடகைக் கார். ஸ்டீயரிங்ல உங்க முகம். நேத்துல இருந்து எல்லாப் பாலத்தையும் சலிச்சு, அரை மணிக்கு முன்னாடிதான் வந்து சேர்ந்துது."

கலோயன் கால்மேல் போட்ட காலை இறக்கினான்.

"செவ்வாய்க்கிழமை சாயந்திரமே வியன்னாவுல பயிற்சி முடிஞ்சுபோச்சு. உடனே கார் எடுத்தீங்க. ஹங்கேரி, ருமேனியா... எந்த எல்லையிலயும் இப்ப பாஸ்போர்ட் கேக்கறதில்ல. ஆயிரத்து நூறு கிலோமீட்டர். பதிமூணு மணி நேரம். விமானத்துல ஒண்ணரை மணி நேரத்துல வர்ற ஊருக்கு எவன் பதிமூணு மணி நேரம் கார் ஓட்டுவான்? கொலை பண்ணப் போறவனைத் தவிர?"

"ராலிட்ஸா சொல்லுவா! நான் விமானத்துல..."

"சொன்னாங்க. ரெண்டு மணிக்கு. நாலரைக்கு மாத்திச் சொல்லிட்டாங்க. உங்க மனைவியோட குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிஷம் கேட்டாங்க. அப்புறம் எல்லாம் உங்க திட்டம்தான்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"துரோகி!" கலோயன் மேசையைக் குத்தினான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நெவேனாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வார்த்தை இவன் வாயிலிருந்தா!

நிமிர்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. தோள் தொங்கியது. ராங்கெல் அவசரப்படுத்தவில்லை. விதை கொறித்தபடி காத்திருந்தார்.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி..." கலோயனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இதயத் துடிப்பு சரியில்லைன்னு டாக்டர் சொன்னாரு. பழகின மனுஷன். உடனே மேல எழுதல. 'பெரிய சோதனை ஒண்ணு பண்ணிப் பார்ப்போம். புதன்கிழமை மூணு மணிக்கு வீட்டுக்கு வா, முடிவு சொல்றேன்'னாரு. அது மோசமா இருந்தா அன்னைக்கே எழுதிடுவாரு. அப்புறம் நான் ஆயுசுக்கும் தரையில! விமானம் இல்லாம நான் யாரு சார்? அவர் போயிட்டா, வேற டாக்டரைப் பார்த்துச் சரிக்கட்டிக்கலாம்னு..."

"போனீங்க."

"கதவைத் திறந்தாரு. சிரிச்சாரு. 'உக்காரு கலோயன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்'னு அலமாரி பக்கம் திரும்பினாரு." முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "நான் சொல்லவிடல... ஃபைலை எடுத்துட்டு வந்து எரிச்சுட்டேன்."

"பிரிச்சுப் படிச்சீங்களா?"

"எதுக்குப் படிக்கணும்? அதான் தெரியுமே!"

ராங்கெல் பெருமூச்சு விட்டார்.

"டாக்டரோட கணினியைத் திறக்க எங்க ஆளுக்கு ரெண்டு நாள் ஆச்சு. இன்னைக்கு மத்தியானம்தான் திறந்தான். அந்த ரிப்போர்ட்டோட இன்னொரு பிரதி இது. நானே படிக்கறேன்."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"'முதல் சோதனையில் தெரிந்த கோளாறு, கருவியின் கோளாறு. விமானியின் இதயம் பூரண ஆரோக்கியம். தொடர்ந்து பறக்கலாம்.' கீழ டாக்டர் தனக்காக ஒரு வரி குறிச்சு வச்சிருக்காரு. 'பயல் ஒரு மாதமாகப் பயந்து கிடக்கிறான். நேரில் சொல்லி, அலமாரியில் இருக்கும் நல்ல வைனைத் திறக்க வேண்டும்.'"

கலோயன் நிமிர்ந்தான்.

    அந்தத் தாளைப் பிடுங்கி ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். பிறகு மேசையில் தலையை முட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் ஊளையிட ஆரம்பித்தான்.

ராங்கெல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

நெவேனா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்த மனிதன். முதுகு குலுங்குவதை வைத்தே, அழுகிறானா இருமுகிறானா என்று அவளால் சொல்ல முடியும்.

"உங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசணுமாம் மேடம். கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணுமாம்."

நெவேனா கையை நீட்டினாள். ராங்கெல் ரிப்போர்ட்டைக் கொடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். மடித்து, அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள்.

"எல்லாம் சரி சார். ஒரே ஒரு சந்தேகம்தான்."

"என்ன?"

"இல்லாத இதயத்துக்கு அந்த டாக்டர் எப்படி சார் ஈ.சி.ஜி. எடுத்தாரு?!"